நான்காவது வரி

மூணுவரி அக்காவுக்குக் கோபம் வருகிற விதமே தனி. குரல் உயராது, கை நடுங்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். அவரோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கண்ணாடி மடிகிற சின்னச் சத்தம் கேட்டாலே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நகர்ந்துவிடுவார்.

மூணுவரி என்பது சங்கத்தார் வைத்த பெயர். அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழி. பட்டியல்களையும் பதிவேடுகளையும் வைத்துக்கொள்ள உதவுகிற மொழி. உருவாக்கிய கம்பெனியே அதைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிறது. ‘இதையெல்லாம் இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?’ என்று கேட்கிற அறிவாளிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் நூலகத்தில் எடுக்கிற புத்தகமும், அவர்கள் வீட்டுக்கு மணல் ஏற்றி வருகிற லாரியின் எடைச்சீட்டும், குழாயில் வருகிற தண்ணீரின் மீட்டர் கணக்கும் அந்த மொழியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிறவரைக்கும் யார் கண்ணிலும் படாது. நின்றுபோனால் மட்டும் ‘ஐயோ, இதைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்?’ என்று அலறுவார்கள். இருக்கிறவர்கள்தான் இந்தச் சங்கம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல், ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி அறையில் கூடுவார்கள். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். ‘முந்தாதே’ என்ற பலகையின் கீழே அக்காவின் நாற்காலி. ‘குறுகிய பாலம்’ என்பதன் கீழே உட்காருபவர் எடைமேடை. லாரி எடைமேடைகளுக்கு புரோகிராம் எழுதியே தலை நரைத்தவர் என்பதால் அந்தப் பெயர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பிஸ்கட்டும் டீயும் உண்டு. வர முடியாதவர்களுக்காக இணையத்தில் ஒரு கேள்விப் பலகை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்கிறவர் தன் பெயரைப் போடுவதில்லை. ‘சங்கம்’ என்று மட்டும் போடுவார்கள். நன்றி வந்தால் எல்லோருக்கும், திட்டு வந்தாலும் எல்லோருக்கும் என்று ஆரம்பத்திலேயே செய்துகொண்ட ஏற்பாடு.

ஆனால் அக்காவின் பதிலைப் பெயர் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். மூன்று வரிக்குமேல் போகாது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்து வந்த காலத்தில் பழகிய சிக்கனம் அது. அப்புறம் அதுவே பெருமையாகிவிட்டது. பக்கம் பக்கமாக நீட்டி முழக்குபவர்களைப் பார்த்தால் அக்காவுக்கு இளக்காரம். “கேள்விக்குப் பதில் சொல்லணும். பாடம் நடத்தக் கூடாது” என்பார். அப்படி இருபது வருஷத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கான பதில்கள். காலையில் வீட்டுக்காரர் நடைப்பயிற்சி போய்த் திரும்புவதற்குள் ஏழெட்டு எழுதிவிடுவார்.

“அந்த மொழிக்கு இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி மூச்சு ஊதிக்கிட்டே இருப்பே?” என்பார் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றியபடி.

“இருபது வருஷத்து பஸ்ஸை நீங்க உருட்டிக்கிட்டு இருந்தப்போ நான் இப்படிக் கேட்டேனா?”

“அதுல ஜனங்க ஏறி உட்கார்ந்திருந்தாங்கம்மா.”

“இதுலயும் உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

எவ்வளவு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அக்காவுக்கே சரியாகத் தெரியவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. கீழே பயிற்சிக்கு வந்தவள் வழிதவறி மேலே வந்துவிட்டாள் என்று நினைத்து எடைமேடை, “லைசென்ஸுக்குக் கீழே கேளுங்கம்மா” என்றார்.

“லைசென்ஸ்தான் சார் போகப் போகுது. அதுக்குத்தான் வந்தேன்.”

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தாளுநர். மருந்துக் கவுன்ட்டரில் பதினைந்து வருஷம். இப்போது இடைநீக்கம். ஒரு கொத்தனாருக்குச் சளிக்காய்ச்சல் என்று டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. வீட்டுக்குப் போன ஒரு மணிநேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டதற்கு, “ஏதோ ஒண்ணு, பேர் தெரியாதுங்க, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்” என்றாராம் அவர். கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. மருந்தைக் கொடுத்த கை யாருடையது? இவளுடையது. எனவே குற்றவாளி இவள்.

“புதன்கிழமை விசாரணை. துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாம்னு லெட்டர்ல போட்டிருக்கு. யாரும் வரமாட்டேங்கிறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும் சார். பழைய கம்ப்யூட்டரா இருந்திருந்தா இது நடந்திருக்காது. எட்டு மாசத்துக்கு முன்னாடி புதுசு மாத்தினாங்க. பழையதுல இந்த மாதிரி மருந்து அந்த ஆளோட பட்டியல்ல கண்ணுக்கே தெரியாது. புதுசா ஏத்தப் போனாலும் ‘டொக்’குனு ஒரு சத்தம் வந்து, சிவப்புக் கட்டம் வந்து நின்னுக்கும். நான் சொன்னா யாரும் நம்பல. அந்தப் பழைய திரையில கீழே ஒரு வரி இருக்கும். சந்தேகம்னா இந்த விலாசம், முதல் சனிக்கிழமைன்னு. அதைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.”

அக்கா மெதுவாகக் கேட்டார். “சிவப்புக் கட்டத்துல என்ன எழுதியிருக்கும்?”

“‘வேண்டாம், கேட்டுச் செய்’னு இருக்கும் மேடம்.”

அக்கா எழுதிய வாசகம் அது. இருபத்திநாலு வருஷத்துக்கு முன், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்த நாட்களில் எழுதிய புரோகிராம். அன்றைய மருந்தகத் தலைவர் கறாரான மனிதர். “அந்த மருந்து என் ஆளுங்க கண்ணுலயே படக் கூடாது. கண்ணுல பட்டா ஒருநாள் கைதவறி எடுத்துடுவாங்க” என்றார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இடம் என்றால் இடுக்கு. இதற்கென்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கவும் வழியில்லை. அக்கா ஒரு குறுக்குவழி பிடித்தார்.

அந்த மொழியில் ஒரு வரியை அழித்தால் அது உண்மையில் அழியாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடிப்பதுபோல, அழித்ததற்கு ஒரு குறி மட்டும் விழும். திரையில் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும். பிறகு ‘பேக்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் அடித்த பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் புது ஏட்டில் எழுதியதுபோல ஆகும். அதன்பின் மீட்க முடியாது. அக்கா அந்த அழிப்புக்குறியையே காவலாக்கினார். நோயாளியின் பட்டியலில், அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் வரியை மருந்தாளுநர் அழிக்க வேண்டியது. அது கண்ணுக்கு மறைந்துவிடும். மறுபடி யாராவது அதே மருந்தை ஏற்றப் போனால், புரோகிராம் அழித்த வரிகளுக்குள் தேடிப் பார்த்து, சிவப்புக் கட்டம் போட்டுத் தடுக்கும். பேக் என்ற கட்டளையை மட்டும் அந்தப் புரோகிராமில் அவர் எங்குமே வைக்கவில்லை. அத்தனை வருஷம் அது ஒரு உயிரையும் தவறவிடவில்லை.

“புது சிஸ்டத்துக்கு மாத்தினவங்க பேக் பண்ணித் தொலைச்சிருக்கானுங்க” என்றார் எடைமேடை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“குப்பைன்னு நினைச்சிருப்பாங்க. திறந்து பார்த்திருக்கலாம்ல? ஒரு வரியை, ஒரே ஒரு வரியைப் படிச்சுப் பார்த்திருக்கலாம்ல? பழசுன்னா குப்பை. பழசை எழுதினவன் முட்டாள். நாலு நாள் ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிச்சிருக்கான். பழி இந்தப் பொண்ணு தலையில.” அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “புதன்கிழமை எத்தனை மணிக்கு?”

வீட்டில் அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர் செய்தித்தாளை இரண்டு முறை படித்து முடித்தார். அக்கா பரணில் இருந்து பழைய பெட்டியை இறக்கி, புரோகிராமின் அச்சுப் பிரதியை எடுத்தார். ஓரத்தில் துளைபோட்ட நீளத் தாள், மடிப்பு மடிப்பாக. சாப்பாட்டு மேசை முழுக்க விரித்துவைத்துச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார். சாப்பாடு மடியில் வைத்துத்தான் நடந்தது. “யார் மேலயோ கோபம், என் தட்டுக்கு இடமில்ல” என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனால் பெட்டியை இறக்க ஏணி பிடித்தவரும் அவர்தான்.

விசாரணை இரண்டாம் மாடியில். நீள மேசை, பிளாஸ்டிக் பூ, மூலையில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி. மேசையின் தலைமாட்டில் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி. ஒரு பக்கம் புதிய சிஸ்டம் போட்ட கம்பெனியின் மேலாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அவர்களுடைய புரோகிராமர், முப்பது வயது மனிதர், லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்தமாதிரி உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் அக்காவும் எடைமேடையும். மருந்தாளுநருக்கு மட்டும் மேசைக்குத் தள்ளி, சுவரோரமாகத் தனி நாற்காலி. மேசையில் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் இருந்தது, அவளுக்கு இல்லை. அக்கா உட்காரும்போதே தன் பாட்டிலை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மேலாளர் ஆரம்பித்தார். பேசுவதற்கென்றே பிறந்த வாய்.

“சார், பழைய சிஸ்டத்துல அலர்ஜின்னு ஒரு ஃபைலே கிடையாது. நாங்க முழுசாத் தேடிப் பார்த்துட்டோம். இல்லாத டேட்டாவை நாங்க எப்படிக் கொண்டுவர முடியும்? புது சிஸ்டத்துல அலர்ஜிக்குத் தனிக் கட்டமே இருக்கு. காலியா இருந்தா பேஷன்ட்டைக் கேட்டு நிரப்ப வேண்டியது கவுன்ட்டர்ல இருக்கறவங்க பொறுப்பு. பயிற்சிலயே சொல்லியிருக்கோம்.”

“எவ்வளவு நேரப் பயிற்சி?” என்று சுவரோரத்திலிருந்து அவள் கேட்டாள். நிர்வாக அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். நாற்பது நிமிஷம் என்று அவள் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அதில் பத்து நிமிஷம் கம்பெனியின் பெருமையைச் சொல்லும் படம்.

அக்கா எழுந்தார். நீளத் தாளை மேசைமேல் விரித்து, அழிப்புக்குறி என்றால் என்ன, சிவப்புக் கட்டம் எங்கிருந்து வந்தது, பேக் செய்தால் என்ன ஆகும் என்று சொன்னார். மூன்று வரியில் இல்லை, பொறுமையாக, பதிவேட்டு உதாரணத்தோடு. நிர்வாக அதிகாரிகூட முன்னால் குனிந்து கேட்டார்.

“அலர்ஜின்னு பேர் வச்ச ஃபைல் இல்லதான். ஆனா காவல் இருந்துச்சு. பேரைத் தேடினீங்களே, வேலையைத் தேடினீங்களா? அழிச்ச வரியெல்லாம் குப்பைன்னு வாரிக் கொட்டிட்டு, இப்போ இந்தப் பொண்ணு கவனமா இல்லைன்னு சொல்றீங்க. உங்களுக்கே கூச்சமா இல்ல?”

மேலாளர் சிரித்தார். அக்கா அந்தச் சிரிப்பைச் சாகிறவரை மறக்கப் போவதில்லை. மேலாளர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் தள்ளினார்.

“மேடம் ரொம்பக் கோபமா இருக்காங்க. நாங்க எதையும் சும்மா செய்யறதில்ல. இந்த மொழிக்குன்னு இருக்கற ஒரே நிபுணர் சங்கத்தைக் கேட்டுத்தான் செஞ்சோம். உங்க சங்கம்தானே மேடம்? நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

கேள்விப் பலகையிலிருந்து அச்சிட்ட பக்கம். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கேள்வி: பழைய கோப்புகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுகிறோம், அழிப்புக்குறி போட்ட வரிகள் 1,912 இருக்கின்றன, மாற்றும் முன் பேக் செய்துவிடலாமா? எந்த ஊர், எந்த வேலை, எந்த இடம் என்று ஒன்றுமில்லை. கீழே பதில்.

செய்யலாம்.
அதுதான் வழக்கமான முறை.
முதலில் ஒரு நகல் எடுத்து வைக்கவும்.

கையெழுத்து: சங்கம்.

அக்கா படித்தார். இன்னொரு முறை படிக்கத் தேவையிருக்கவில்லை. ஏதோ ஒரு காலை, வீட்டுக்காரர் நடந்து திரும்புவதற்குள், ஏழெட்டில் ஒன்றாக எழுதியது. தான் கட்டிய காவலை இடிக்கத் தானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

எடைமேடை அவர் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார். “பேர் இல்லக்கா. யார் போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. பேசாம இருங்க. பலகையில யார் யாரோ எழுதறாங்கன்னு சொல்லிச் சமாளிச்சுடலாம்.”

சமாளித்திருக்கலாம்தான். அக்கா ஒரு கணம் அதை நினைக்கவும் செய்தார், அதை மறைப்பானேன். இத்தனை வருஷத்துப் பெயர், இன்றைக்கு இந்தச் சட்டைக்காரன் முன்னால் தலைகுனிய வேண்டுமா? சுவரோரத்தில் அந்தப் பெண் பாட்டிலைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ சொன்னதைச் செய்ததற்காகத்தான் அவளும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணாடி மடிந்து மேசைமேல் இறங்கியது.

“இது நான் எழுதினது” என்றார் அக்கா. “அந்தப் பழைய புரோகிராமும் நான் எழுதினது. என் புரோகிராமை அழிக்கச் சொல்லி நானே சொல்லியிருக்கேன். எந்த இடம், எதுக்கு அந்தக் குறின்னு கேட்டிருக்கணும். கேட்கல. அழிப்புக்குறியை இப்படிக் காவலா வச்சதையும் கையேட்டுல எழுதியிருக்கணும். எழுதல. அந்தத் தப்பு என்னோடது, எழுதிக்கோங்க.”

மேலாளர் கைகளை விரித்து நிர்வாக அதிகாரியைப் பார்த்தார், ‘பார்த்தீங்களா’ என்பதுபோல.

“இருங்க, இன்னும் முடிக்கல. எழுதிக்கறதுன்னா இதையும் சேர்த்து எழுதுங்க. நாங்க சனிக்கிழமை டீ குடிச்சுக்கிட்டு, முகம் தெரியாதவங்களுக்குச் சும்மா உதவி செய்யறவங்க. எங்ககிட்ட வந்து, எந்த ஊருன்னுகூடச் சொல்லாம கேட்டீங்க. இந்தப் பொண்ணு அதே திரைக்கு முன்னாடி பதினைஞ்சு வருஷமா உட்கார்ந்திருக்கா. உங்க ஆள் உட்கார்ந்து வேலை செஞ்ச நாற்காலிக்கும் இவ நாற்காலிக்கும் எவ்வளவு தூரம்?”

மருந்தாளுநர் சொன்னாள். “பக்கத்து ஜன்னல் மேடம். என் ஸ்டேப்ளரை வாங்கித்தான் வேலை செஞ்சார்.”

“ஸ்டேப்ளரைக் கேட்கத் தெரிஞ்சது. ‘ஏம்மா, இத்தனை வரியை எதுக்கு அழிச்சு வச்சிருக்கீங்க’ன்னு கேட்க வாய் வரல! கேட்டிருந்தா அரை நிமிஷத்துல சொல்லியிருப்பா. இவளைக் கேட்கறதைக் கவுரவக் குறைச்சலா நினைச்சீங்க. இப்போ பழி போடறதுக்கு மட்டும் இவ வேணும்.” அக்கா தாளைத் திருப்பி மேலாளர் பக்கம் தள்ளினார். “நான் எழுதினது மூணு வரி. ரெண்டு வரியை ஆதாரமாக் கொண்டுவந்திருக்கீங்க. மூணாவது வரி என்னாச்சு? நகல் எங்க?”

“அந்த ஸ்டேஜ்ல அதுக்கு அவசியம் ஏற்படல. பழைய மெஷினும் ஸ்க்ராப்புக்குப் போயாச்சு” என்றார் மேலாளர்.

“எடுத்தேன்” என்று ஒரு குரல்.

லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து புரோகிராமர். மேலாளர் திரும்பிப் பார்த்த பார்வையில் சட்டை மடிப்புக்கூடக் கலைந்தது.

“எடுத்தேன் சார். பதில்ல எடுக்கச் சொல்லியிருந்தாங்க, அதனால எடுத்தேன். பழைய மெஷின்லயே தனியா வச்சேன். மெஷின் இன்னும் போகல. கீழே ஸ்டோர் ரூம்லதான் இருக்கு. போன வாரம்கூடப் பார்த்தேன்.” அவர் மருந்தாளுநரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். “கேட்டிருக்கணும்ங்க. டெட்லைன்னு... கேட்டிருக்கணும்.”

ஸ்டோர் ரூமில் உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் துருப்பிடித்த கட்டில்களுக்கும் நடுவே அந்தப் பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. மேல் முழுக்கத் தூசி. ஒரு ஸ்டிக்கரில் ‘கழிவு’ என்று எழுதி ஒட்டியிருந்தது. எடைமேடை தன் கைக்குட்டையால் துடைத்தார். மின்சாரத்துக்கு வயர் எட்டாமல், நிர்வாக அதிகாரியே ஒரு கட்டிலை நகர்த்த வேண்டியதாயிற்று. அது மூன்று முறை இருமி, நான்காவது முறை எழுந்தது. அக்கா குனிந்து நின்றபடியே தட்டினார். அழித்த வரிகளையும் காட்டு என்று ஒரு கட்டளை. வரிசையாகப் பட்டியலிடு என்று இன்னொரு கட்டளை.

திரையில் வரிகள் ஓடின. அந்த மொழியில் அழிப்புக்குறி என்பது ஒரு சின்ன நட்சத்திரம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம், 1,912 நட்சத்திரங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மருந்துகள், யார் யாருக்கோ எமனாக இருக்கக்கூடியவை. எட்டு மாதமாக இவற்றில் எதையும் யார் கையிலும் கொடுக்கலாம் என்று புதிய திரை பச்சை காட்டிக்கொண்டிருந்தது. நிர்வாக அதிகாரி கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“கொத்தனார் பேரைப் போடுங்க” என்றாள் மருந்தாளுநர்.

வந்தது. நட்சத்திரம், பெயர், மருந்து. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. கடைசியில், அந்த வரியைக் குறித்தவரின் ஊழியர் எண்.

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த, இடைநீக்கத்திலும் கழற்றாமல் வைத்திருந்த அடையாள அட்டையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரே எண். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாள், நூறு பேர் நின்ற வரிசையில், அந்தக் கொத்தனாருக்கு அந்த மருந்து ஆகாது என்று கேட்டுத் தெரிந்து, அதை அழித்து வைத்து அவரைக் காப்பாற்றியிருந்தவள் அவள்தான். அவளுக்கே ஞாபகமில்லை. ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை என்றுதானே கம்ப்யூட்டர்.

அவள் அழவில்லை. “நான்தான் போட்டிருக்கேன்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். அக்காவுக்குத்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

இதோடு நியாயம் கிடைத்துச் சுபம் என்று முடிக்க ஆசைதான். இரண்டு நாளில் அந்த வரிகள் புதிய சிஸ்டத்தில் ஏறின. புரோகிராமரும் எடைமேடையும் மருந்தாளுநரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றினார்கள். அடுத்த வாரமே கம்பெனி தன் இணையதளத்தில், ‘எங்கள் சிறப்பு முயற்சியால் 1,912 பாதுகாப்புப் பதிவுகள் மீட்பு’ என்று போட்டுக்கொண்டது. வெட்கமாவது, மானமாவது! மருத்துவமனை அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மீண்டும் வேலையில் சேரலாம், ‘இனி இதுபோன்ற கவனக்குறைவு நேராவண்ணம் எச்சரிக்கப்படுகிறார்’. பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முதல் சனிக்கிழமை அவள் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

படித்ததும் எடைமேடை ஒரு பக்கத்துக்குப் பதில் தயாரிக்க உட்கார்ந்துவிட்டார். சட்டம், விதி, உட்பிரிவு என்று போய்க்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்து, “கையெழுத்துப் போடாதே. போட்டா கவனக்குறைவுன்னு நீயே ஒத்துக்கிட்டதா ஆயிடும்” என்றார்.

“போடமாட்டேன்க்கா. எனக்கு ஒரு பேப்பர் கொடுங்க. நீட்டி எழுத வேண்டாம், உங்க மாதிரி எழுதிடறேன்.”

‘முந்தாதே’ பலகையின் கீழே உட்கார்ந்து அவள் எழுதினாள்.

அந்த மருந்தைத் தடுத்துக் குறி போட்டது நான்.
அந்தக் குறியை அழித்தது நான் இல்லை.
எச்சரிக்கையை உரியவரிடம் கொடுக்கவும்.

எடைமேடை தன் ஒரு பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இவ நமக்கு மேல போயிட்டா, அக்கா” என்றார். பத்து நாளில் வேறொரு கடிதம் வந்தது. முந்தைய கடிதம் ரத்து. ஒரு வருத்தம், ஒரு மன்னிப்பு, ஒரு சொல் கிடையாது. அவள் கவுன்ட்டருக்குப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் நடந்துவிட்டுத் திரும்பியபோது அக்கா கேள்விப் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதிய கேள்விகள் ஒன்பது காத்திருந்தன. அவர் ஒன்றையும் தொடவில்லை.

“என்ன, இன்னைக்கு ஒண்ணும் எழுதலையா?”

“ஒரு பழைய பதில்ல ஒரு வரி விட்டுப்போச்சு.”

“மூணுதானே உன் கணக்கு?”

“இனிமே இல்ல.”

விசாரணையில் காட்டிய அந்தப் பழைய பதிலைத் தேடி எடுத்து, பழைய மூன்று வரிகளையும் அப்படியே விட்டு, அடியில் நான்காவதைச் சேர்த்தார்.

எதையும் அழிக்கும் முன், அந்தத் திரையில் தினமும் உட்காருகிறவரிடம் போய், இந்த வரிகளுக்கு எதற்காகக் குறி போட்டீர்கள் என்று கேட்கவும்.

பிறகு கீழே இருந்த ‘சங்கம்’ என்பதை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார்.